வெள்ளிச் சீமைக்கு வந்த காகிதம்

சேலம் – நாமக்கல் சமவெளி: காசும் கணக்கும் (வரலாற்றுத் தொடர்) – பகுதி 17

வராகனும் பணமும் காசுமாக இருந்த சேலம் சீமையின் கணக்குப் புத்தகங்கள் ரூபாய்க்கு மாறியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு இந்தச் சீமை வந்தது. கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்தது. 1835இல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாய் என்று ஆனது. சமவெளிக்காரருக்குப் பணம் என்றால் அந்த வெள்ளிதான். எடை 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. தரையில் தட்டினால் ஓசையிலேயே நல்லது கெட்டது தெரியும். பஞ்சம் வந்தால் உருக்கலாம், மகளுக்குக் கல்யாணம் என்றால் நகையாக்கலாம்.

அப்படி வாழ்ந்த மக்களிடம் ஒரு தாளை நீட்டி, "இதுவும் பத்து ரூபாய்தான்" என்று சொன்னால் எளிதில் நம்புவார்களா? ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம்பவில்லை. பிறகு நம்பியே தீர வேண்டிய காலம் வந்தது. அந்த மாற்றத்தின் சாட்சிகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பத்திரக் கட்டுக்குள், தாத்தாவின் பேரேட்டின் நடுவில் மடித்து வைத்த நோட்டுகள் அவை. அவற்றை வகை பிரித்து அறிவது எப்படி என்பதே இந்தப் பகுதி. சேகரிப்பாளர்கள் இதை விலைக்காகக் கற்கிறார்கள். நாம் கற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நோட்டின் வகை தெரிந்தால், அந்தத் தாள் எந்த ஆண்டில், எந்த நெருக்கடியில், எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்பது தெரியும். எழுதி வைக்காத குடும்பங்களுக்கு அது எழுதப்பட்ட வரலாறு.

ஒரே ஆண்டு, இரண்டு நாடுகள்

1861ஆம் ஆண்டு உலகின் காகிதப் பண வரலாற்றில் முக்கியமானது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பொன்னும் வெள்ளியும் போதவில்லை. அந்த நாட்டு அரசு தன் பெயரிலேயே நோட்டு அடித்து விட்டது. கேட்டவுடன் காசாக மாற்றித் தரப்படும் என்ற உறுதியோடு வந்ததால் அவற்றுக்கு டிமாண்ட் நோட்டு என்று பெயர். நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன், சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் என்ற ஐந்து நகரங்களில் எதில் மாற்றலாம் என்பது நோட்டிலேயே அச்சாகியிருக்கும். கருவூல அதிகாரிகளுக்குப் பதிலாக எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டார்கள். 'அவருக்காக' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் முதலில் கையாலேயே எழுதினார்கள். வேலை மலைபோல் குவியவே அந்தச் சொற்களை அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு சொற்கள் கையால் எழுதப்பட்டவையா, அச்சிடப்பட்டவையா என்பதை வைத்தே முதல் சில வாரங்களின் நோட்டு தனித்துத் தெரிகிறது. இன்று அமெரிக்கப் பழம் நோட்டுகளில் மிக அரியவற்றுள் அவை அடங்கும்.

அதே 1861இல்தான் இந்தியாவில் காகிதச் செலாவணிச் சட்டம் வந்தது. அதற்கு முன் வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் தொடங்கிய சென்னை வங்கி ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டுவந்தன. 1857 கிளர்ச்சியால் வெறுமையான கஜானாவைச் சீர்செய்ய லண்டனிலிருந்து வந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இதற்குத் திட்டம் வகுத்தார். 1860 ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் லெயிங் சட்டத்தை நிறைவேற்றினார். நோட்டு வெளியிடும் உரிமை வங்கிகளிடமிருந்து அரசுக்குப் போயிற்று. 10, 20, 50, 100, 1000 ரூபாய் நோட்டுகள் வந்தன.

இந்த முதல் வரிசையை அடையாளம் காண்பது எளிது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. இடது மேல் மூலையில் விக்டோரியா ராணியின் சிறு உருவம், தொகை இரண்டு இந்திய மொழிகளில். தாள், இங்கிலாந்தில் லேவர்ஸ்டோக் ஆலையில் கையால் வார்த்தது. கள்ள நோட்டு பெருகியதால் ராணியின் உருவம் தாங்கிய வரிசையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1867இலிருந்து அடியில் வண்ணப் பின்னல் ஓடும் புதிய வரிசையை வெளியிட்டார்கள். அதில் உருவம் இல்லை. பச்சை அச்சில் வந்தவற்றில் நான்கு மொழிகள், பின்னால் சிவப்பில் வந்தவற்றில் எட்டு மொழிகள். மக்கள் கேட்டதற்கிணங்க 1872இல் ஐந்து ரூபாய் நோட்டும் வந்தது. உருவம் உண்டா, எத்தனை மொழிகள், என்ன வண்ணம் என்ற மூன்றையும் பார்த்தாலே ஒருபக்க நோட்டின் காலத்தைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

திருச்சிராப்பள்ளி என்று அச்சான தாள்

நம் சமவெளிக்கு இதில் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அன்றைய இந்திய நோட்டு நாடு முழுவதும் செல்லவில்லை. நாட்டைச் செலாவணி வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். எந்த வட்டத்தில் வெளியானதோ அந்த வட்டத்தில்தான் அது சட்டப்படி செல்லும். கல்கத்தா நோட்டைச் சென்னை வட்டத்து வணிகர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சென்னை வட்டத்தின் கீழ் கள்ளிக்கோட்டை, விசாகப்பட்டினம், பிறகு காக்கிநாடா, நமக்குப் பக்கத்திலேயே திருச்சிராப்பள்ளி ஆகியவை கிளை வட்டங்களாக இருந்தன. கிளை வட்ட நோட்டில் 'திருச்சிராப்பள்ளி அல்லது சென்னை' என்று இரண்டு ஊர்களின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு இடங்களிலும் வெள்ளியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள்.

காவிரிக்கு இக்கரையில் பரமத்தி, மோகனூர், நாமக்கல். அக்கரையில் கரூர். ஆற்றின் போக்கில் கீழே முசிறி, குளித்தலை, திருச்சி. இந்த ஊர்களின் நெல்லும் வாழையும் நெய்யும் துணியும் ஆற்றின் இரு கரைகளிலும் மாறி மாறிப் போயின. நாமக்கல் தாலுகாவே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இருந்து, பின்னர் சேலத்துக்குத் திரும்பியது. 1997இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே இந்தப் பக்கத்து வீடு ஒன்றில் திருச்சிராப்பள்ளி என்று அச்சான ஒருபக்க நோட்டு கிடைக்குமானால், இந்திய நோட்டு வகைகளிலேயே அரிதான ஒன்று என்பதோடு, காவிரிக்கரை வணிகத்தின் ஆவணமாகவும் அதைப் பார்க்க வேண்டும். 'இங்கிலீஷில் ஏதோ ஊர் பெயர்' என்று கடந்துபோகக் கூடாது. முதலில் படிக்க வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

வட்டத்தின் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 1903இல் பர்மா நீங்கலாக நாடெங்கும் ஐந்து ரூபாய் நோட்டு செல்லும் என்றார்கள். 1910இல் பத்தும் ஐம்பதும், 1911இல் நூறும் அந்த நிலைக்கு வந்தன. அதன்பின் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்து வெளியீட்டு இடத்தைக் காட்டியது. சென்னைக்கு எம், பம்பாய்க்கு பி, கல்கத்தாவுக்கு சி, ரங்கூனுக்கு ஆர், லாகூருக்கு எல், கராச்சிக்கு கே. பெரிய தொகை நோட்டுகளில் ஊர்ப் பெயர் இன்னும் சில காலம் நீடித்தது. 1938இல் வந்த நூறு ரூபாயிலும் 'மெட்ராஸ்' என்று காணலாம். எனவே ஒரே ஆண்டு, ஒரே தொகை, ஒரே கையொப்பம் கொண்ட இரண்டு நோட்டுகளும் ஊரால் வேறுபடும். ஒன்று எளிதாகக் கிடைக்கும், மற்றொன்று தேடினாலும் கிடைக்காது.

தபாலில் போன பாதி நோட்டு

ஒருபக்க நோட்டுகளைப் பார்ப்பவர்கள் அடிக்கடி ஒரு விஷயத்தைக் கண்டு ஏமாந்துபோவார்கள். நடுவில் நேராக வெட்டி, பின்பக்கம் தாள் வைத்து ஒட்டியிருக்கும். கிழிசல் என்று நினைத்து மதிப்பில்லாதது என ஒதுக்கிவிடுவார்கள். அது கிழிசல் இல்லை. வேண்டுமென்றே வெட்டியது.

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட இரும்புப்பாதை சேலத்தைத் தொட்டது. தபாலும் வேகம் பிடித்தது. வெளியூருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வணிகர் நூறு ரூபாய் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்புவார். அது சேர்ந்ததாகப் பதில் வந்த பின்பே மறு பாதியை அனுப்புவார். வழியில் ஒரு பாதி களவு போனாலும் திருடியவனுக்குப் பயன்படாது. இரு பாதியிலும் எண் அச்சாகியிருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டு ஒட்டிக்கொள்ளலாம். நாடெங்கும் வணிகர்கள் கைக்கொண்ட வழக்கம் இது.

ஆகவே வெட்டும் ஒட்டும் உள்ள ஒருபக்க நோட்டைக் கண்டால் இரண்டு பாதியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால், தபாலில் பயணம் செய்து சேர்ந்த நோட்டு கையில் இருக்கிறது என்று பொருள். எண் வேறானால், பிற்காலத்தில் எவரோ இரண்டு நோட்டுகளின் பாதிகளை ஒட்டியிருக்கிறார் என்று தெரியும். விற்பனைக்கு வரும் நோட்டுகளில் இந்த ஏமாற்று உண்டு.

1917: வெள்ளி ஓடிய ஆண்டு

இனிச் சமவெளியின் ஒவ்வொரு வீட்டையும் தொட்ட கட்டத்துக்கு வருவோம். முதல் உலகப் போரில் இந்தியா பிரிட்டனுக்குப் படையும் தானியமும் பருத்தியும் சணலும் அனுப்பியது. அவற்றுக்கு உள்நாட்டில் கொடுக்க வேண்டிய விலை வெள்ளி ரூபாயில். உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவுன்ஸ் 43 பென்ஸைத் தொட்டால் ரூபாய் நாணயத்துக்குள் இருக்கும் வெள்ளியின் விலை ஒரு ரூபாய்க்குச் சமமாகிவிடும். 1917இல் அந்த எல்லையும் தாண்டியது. ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம் என்றானது. நாணயத்தை உருக்குவதையும் வெள்ளியை வெளியே அனுப்புவதையும் அரசு சட்டத்தால் தடுத்தது. ஆனாலும் நல்ல வெள்ளி கண்ணில் படாமல் மறைந்தது. பானைக்குள்ளும் சுவருக்குள்ளும் அடுப்படி மண்ணுக்குள்ளும் போனது. வெள்ளிக் கொலுசுக்கு இன்று நாடறிந்த சேலத்தில், நாணயத்தைவிட வெள்ளி மேல் என்று மக்கள் ஏன் கணக்குப் போட்டார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் 1917 நவம்பர் 30ஆம் தேதி ஒரு ரூபாய் நோட்டு வெளியானது. அடுத்து 1918 தொடக்கத்தில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு, அதாவது இரண்டரை ரூபாய் நோட்டு, வந்தது. இந்தியாவில் மன்னரின் உருவம் தாங்கி, சாதாரணக் குடியானவன் கைக்கும் கூலியாளின் கைக்கும் வந்த முதல் தாள்கள் இவைதான். அதற்கு முன் சின்னத் தொகை என்றால் ஐந்து ரூபாய். பல வீடுகளில் அது மாதக் கணக்கில் சேர்க்க வேண்டிய பணம்.

1917 ஒரு ரூபாய் நோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, நாணயத்தின் படமாகவே அச்சாகியிருக்கும். வெள்ளிக்குப் பழகிய கண்ணுக்கு வெள்ளியின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் தொகை. இதை வகை பிரிக்க மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது கையொப்பம். எம்.எம்.எஸ். கப்பே, ஏ.சி. மெக்வாட்டர்ஸ், எச். டென்னிங் என்ற மூவரில் ஒருவருடையது இருக்கும். கப்பே கையொப்பம் முந்தையது. இரண்டாவது நீர்க்குறி. வெளிச்சத்தில் பிடித்தால் கதிர் விரிக்கும் நட்சத்திரம் தெரியும். மூன்றாவது ஓரம். 25 தாள்கள் கொண்ட சிறு புத்தகங்களாகவும் இந்த நோட்டு விற்கப்பட்டதால், அதிலிருந்து கிழித்தெடுத்த நோட்டின் ஓரத்தில் துளைகளின் தடம் இருக்கும். மடிப்பில்லாத நோட்டின் ஓரம் மட்டும் பிசிராக இருக்கிறதே என்று அதைக் கத்தரித்து நேராக்கியவர்கள், அதன் பிறப்புச் சான்றையே வெட்டி எறிந்தவர்கள் ஆவார்கள்.

இரண்டரை ரூபாய் நோட்டில் கப்பேயின் கையொப்பமும் வட்டத்தின் எழுத்தும் இருக்கும். நம் பக்கத்துக்கு உரியது எம். இந்த இரண்டு நோட்டுகளையும் அச்சிட்டு விநியோகிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1926 ஜனவரி 1ஆம் தேதியோடு அரசு நிறுத்திவிட்டது. ஒரு ரூபாய் பிறகு திரும்பி வந்தது. இரண்டரை ரூபாய் வரவே இல்லை. அதனால்தான் இரண்டரை ரூபாய் நோட்டு, குறிப்பாக மடிப்புக் குறைந்தது, இவ்வளவு அரிதாயிற்று.

அமெரிக்க வெள்ளியும் நம் நோட்டும்

தாளை அச்சடித்தது போதவில்லை. நோட்டைக் கொண்டுவந்து வெள்ளி கேட்டவர்களின் கூட்டம் 1918இல் செலாவணி அலுவலகங்களில் பெருகியது. போர்க்களத்திலிருந்து கெட்ட செய்தி வந்தபோதெல்லாம் கூட்டம் கூடியது. சில இடங்களில் நோட்டு தன் தொகைக்குக் குறைவாகவே கைமாறியது. அரசின் வெள்ளி இருப்பு அபாயமான அளவுக்குக் கரைந்தது. வெள்ளி இல்லை என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் 1861 முதல் கட்டிய நம்பிக்கை முழுவதும் சரிந்திருக்கும்.

பிரிட்டன் அமெரிக்காவிடம் போனது. 1918 ஏப்ரல் 23ஆம் தேதி அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றியது. அந்த நாட்டுக் கருவூலத்தில் உறங்கிய வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 27 கோடி நாணயங்களை உருக்கினார்கள். அதில் ஏறத்தாழ 26 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு விற்கப்பட்டது. எடையில் ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ். அவுன்ஸுக்கு ஒரு டாலர் விலை. அந்த வெள்ளி கடல் கடந்து வந்து நம் நாணயச்சாலைகளில் ரூபாயாக அடிக்கப்பட்டது. 1918 என்று ஆண்டு பொறித்த வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

இதன் மறுபக்கம் அமெரிக்க நோட்டிலும் பதிந்தது. அங்கே வெள்ளி டாலரை ஈடாக வைத்து வெளியிட்ட வெள்ளிச் சான்று நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஈடாக இருந்த டாலர் உருகியதும் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த இடத்தை நிரப்ப ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் பெயரில் 1918 வரிசை நோட்டுகள் வந்தன. ஒரு டாலரின் பின்பக்கம் கொடியைப் பற்றிய கழுகு. இரண்டு டாலரின் பின்பக்கம் போர்க்கப்பல். பன்னிரண்டு வங்கிகள் தனித்தனிப் பெயரோடு வெளியிட்டதாலும், அரசு அதிகாரிகளின் கையொப்பத்தோடு அந்தந்த வங்கி அதிகாரிகளின் கையொப்பமும் சேர்ந்ததாலும் அவற்றில் வகைகள் ஏராளம். ஐம்பது டாலர் நோட்டைச் செயின்ட் லூயிஸ் வங்கி ஒன்றுதான் வெளியிட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று வங்கியின் பெயர், கையொப்ப ஜோடி என்று பிரித்து எண்ணும் அந்த வரிசை பிறந்ததற்கே காரணம், இந்தியக் கிராமங்கள் தாளை நம்பாமல் வெள்ளியைக் கேட்டதுதான். சேலத்துக் குடியானவரின் பானையும் செயின்ட் லூயிஸின் ஐம்பது டாலரும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

கையொப்பம் காட்டும் காலம்

1923 மே மாதம் ஐந்தாம் ஜார்ஜின் உருவத்தோடு பத்து ரூபாய் வந்தது முதல் மன்னர் வரிசை முறையாகத் தொடங்குகிறது. 1928இல் நாசிக்கில் அச்சகம் அமைந்தது. 1932க்குள் எல்லா நோட்டும் அங்கேயே அச்சாயின. இந்தக் காலத்தில் டென்னிங், ஜே.பி. டெய்லர், ஜே.டபிள்யூ. கெல்லி ஆகியோரின் கையொப்பங்கள் வரும்.

1935 ஏப்ரல் 1ஆம் தேதி ரிசர்வ் வங்கி தோன்றியது. ஆனால் அதன் சொந்த நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் பதவி விலகிவிட்டார். அதனால் அவர் கையொப்பமிட்ட நோட்டு கிடையாது. அப்படி ஒன்றைக் காட்டி எவரேனும் விலை சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாவது கவர்னரான டெய்லரே முதல் ரிசர்வ் வங்கி நோட்டுகளில் ஒப்பமிட்டார். அவருடைய கையொப்பம் இரண்டு வகை நோட்டிலும் வருவதால் தலைப்பைப் பார்க்க வேண்டும். இந்திய அரசு என்று இருந்தால் முந்தையது, ஐந்தாம் ஜார்ஜ். ரிசர்வ் வங்கி என்று இருந்தால் பிந்தையது, ஆறாம் ஜார்ஜ். 1943 பிப்ரவரியில் டெய்லர் பதவியிலிருக்கும்போதே காலமானார். அவர் ஒப்பமிட்ட இரண்டு ரூபாய் நோட்டு மார்ச் 3ஆம் தேதி வெளிவந்தது. பிறகு சி.டி. தேஷ்முக்கின் கையொப்பம் தொடங்குகிறது.

நோட்டில் அச்சான ஆண்டை மட்டும் நம்பினால் தவறு நேரும். 1935 என்ற ஆண்டும் ஐந்தாம் ஜார்ஜின் உருவமும் கெல்லியின் ஒப்பமும் கொண்ட ஒரு ரூபாய் நோட்டு, இரண்டாம் உலகப் போர்க்கால நாணயத் தட்டுப்பாட்டில் 1940 ஆகஸ்டில்தான் மக்கள் கைக்கு வந்தது. மன்னர் இறந்தே நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய ஒருபக்க நோட்டிலோ வேறொரு பொறி உண்டு. நீர்க்குறிக்குள் காகித ஆலையின் குறியீடு எண்ணாக இருக்கும். அதை வெளியீட்டு ஆண்டு என்று பலர் படித்துவிடுகிறார்கள்.

ஆறாம் ஜார்ஜ் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் போரின் தடமும் தெரியும். முதலில் வந்தவற்றின் நீர்க்குறியில் மன்னரின் முகம் பக்கவாட்டில் இருக்கும். ஜப்பானியர் தேர்ந்த முறையில் கள்ள இந்திய நோட்டு அடித்ததால் நீர்க்குறியை நேர்முகமாக மாற்றினார்கள். இந்திய நோட்டுக்குள் பாதுகாப்பு இழை முதன்முதலாகப் புகுந்ததும் அப்போதுதான். பக்க முகமா, நேர் முகமா, இழை உண்டா இல்லையா என்ற இரண்டு கேள்விகள் ஒரே போலத் தெரியும் நோட்டுகளைப் பிரித்துவிடும்.

கடல் கடந்து திரும்பிய தாள்

இந்தச் சமவெளியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் ஏராளம். திரும்பியபோது அவர்கள் கொண்டுவந்த நோட்டுகள் தனி வகை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. இந்திய நோட்டின் மேலேயே பர்மாவில் மட்டும் செல்லும் என்று ஆங்கிலத்தில் கூடுதலாக அச்சிட்டு அங்கே விட்டார்கள். 1945இல் பர்மா ராணுவ நிர்வாகம் என்றும், 1947இல் பர்மா கரன்சி போர்டு என்றும் மேலச்சு மாறியது. எந்த மேலச்சு இருக்கிறது என்பதைப் பார்த்தால், அந்த நோட்டு போருக்கு முன் புழக்கத்துக்கு வந்ததா, பின் வந்ததா என்று சொல்லிவிடலாம்.

ஜப்பானியர் தங்கள் ஆட்சிக்குள் வந்த நாடுகளுக்கு அடித்த நோட்டுகளும் நம் வீடுகளில் உண்டு. வாழைமரம் வரைந்த பத்து டாலர் நோட்டை மலாயாவிலிருந்து வந்தவர்கள் வாழைமர நோட்டு என்பார்கள். அவற்றில் முதல் எழுத்து நாட்டைக் காட்டும். மலாயாவுக்கு எம், பர்மாவுக்கு பி. இங்கேதான் குழப்பம் வருகிறது. 1918 இந்திய நோட்டில் எம் என்றால் சென்னை, பி என்றால் பம்பாய். எழுத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது. டாலரா ரூபாயா, மன்னர் உருவம் உண்டா, வெளியிட்டது யார் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். போர் முடிந்த அன்றே ஜப்பானிய நோட்டு வெற்றுத் தாளானது. பல ஆண்டு உழைப்பின் கூலி அதோடு போயிற்று. அதன் சந்தை விலை இன்றும் குறைவுதான். ஆனாலும் அந்தக் குடும்பம் எங்கே இருந்து, எதை இழந்து திரும்பியது என்பதற்கு அது சான்று.

1946 முதல் 1953 வரை

1946 ஜனவரி 12ஆம் தேதி 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. புழக்கத்தில் இருந்தவை ஏறத்தாழ 144 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 135 கோடி திரும்பி வந்துவிட்டது. ஆறாம் ஜார்ஜின் ஆயிரம் ரூபாய் இன்று ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இதுவே விடை. அமெரிக்காவில் 1861 முதல் அரசு வெளியிட்ட நோட்டுகள் இன்றும் செல்லும். அதனால் அங்கே பழையதை வைத்திருப்பதில் பயம் இல்லை. இங்கே பயத்தில் திருப்பிக் கொடுத்ததும், அடுப்பில் போட்டதும் போக எஞ்சியவைதான் நம் கையில் இருக்கின்றன.

விடுதலைக்குப் பின் மன்னர் உருவத்தின் இடத்துக்கு அசோகரின் சிங்கங்கள் வந்தன. 1949 ஒரு ரூபாய் நோட்டில் கே.ஆர்.கே. மேனனின் ஒப்பம் இருக்கும். அப்போது நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், 1917இல் சேலம் நகரசபைத் தலைவரான ராஜாஜி. அடுத்து வந்த சிங்க நோட்டுகளில், இந்தியில் ரூபாய் என்பதன் பன்மையை எப்படி எழுதுவது என்ற விவாதம் 1953 அளவில் முடிந்து எழுத்து திருத்தப்பட்டது. திருத்தத்துக்கு முந்தைய ஒருமை வடிவம் கொண்ட நோட்டுகள் தனி வகை. இந்தி வாசிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது

பழைய நோட்டு கிடைத்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் செய்யவே வேண்டாம். லேமினேஷன் செய்த நோட்டை மீட்க வழியில்லை. நீர்க்குறியையும் இழையையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, அமிலம் இல்லாத காகித உறைக்குள் தட்டையாக வைத்தால் போதும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தொகை, தலைப்பு, ஊர்ப் பெயர் அல்லது எழுத்து, கையொப்பம், எண், நீர்க்குறி. இவற்றோடு யாரிடம் இருந்தது, அவர் என்ன தொழில் செய்தார், எந்த ஊருக்குப் போய்வந்தார் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கேட்பதும் விற்பதும் அதற்குப் பிறகு. வகையைப் பட்டியல் நூல்களைப் பார்த்து எவரும் எப்போதும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அந்த நோட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வீட்டிலிருக்கும் ஓரிருவரால்தான் முடியும். அதை இழந்த பிறகு அரிய நோட்டும் வெறும் விலைச் சீட்டுதான். திருச்சிராப்பள்ளி என்று அச்சான ஒரு தாள் மோகனூரில் ஒரு நெல் வணிகரின் பேரேட்டுக்குள் கிடைத்தது என்ற செய்தி, ஏலத்தில் போகும் அதே தாளைவிட நம் சமவெளியின் வரலாற்றுக்குப் பல மடங்கு பெரியது. இந்தப் பதிவைச் செய்ய ஆய்வாளர் வர வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் அமர்ந்து எழுதினாலே போதும்.

அடுத்த பகுதியில்: காவிரிக்கு அக்கரையில் 1916இல் கரூர் வைசியா வங்கி, 1926இல் லட்சுமி விலாஸ் வங்கி. வணிகர்கள் சேர்ந்து வங்கி தொடங்கிய காலமும், நாமக்கல் பக்கத்து வட்டிக் கணக்கு மாறிய விதமும்.